லாரிக்கு 80-இல் பூட்டு: மலைப்பாதைக்கு என்ன கிடைத்தது?

குன்னூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கும்போது முன்னால் ஒரு கேரட் லாரி அமைந்துவிட்டால், அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு அதன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும். போன மாதம் எனக்கு அப்படி ஒரு லாரி அமைந்தது. பின்கதவில் பெயின்டால் பெரிதாக '80 கி.மீ.' என்று எழுதியிருந்தது. லாரி போனது இருபதில். சில வளைவுகளில் பத்துகூட இருக்காது. ஓட்டுநர் செய்தது முழுக்கச் சரி. பிரேக் விளக்கு எப்போதாவது ஒருமுறைதான் எரிந்தது. இரண்டாவது கியரில் எஞ்சின் உறுமும் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே வந்தது. அந்த 80-ஐப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த எண் யாருக்காக எழுதப்பட்டது, அதனால் யாருக்கு நன்மை, மலையில் வாழும் எங்களுக்கு அதில் ஏதாவது பங்கு உண்டா?

முதலில் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 118-ஆம் விதி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றியது. ஓட்டுநர்கள் வாயில் அது 'ஸ்பீடு கவர்னர்'. 2015 ஏப்ரலில் இந்த விதி திருத்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் போக்குவரத்து வாகனங்களில், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கருவியைப் பொருத்தித்தான் விற்க வேண்டும். டிப்பர், டேங்கர், பள்ளிப் பேருந்து, அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு 60. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கருவிக்கு சீல் வைக்க வேண்டும், சீலை உடைக்கக் கூடாது.

இதோடு 2018 ஏப்ரலில் வந்த இன்னொரு அறிவிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தச் சாலையில் எந்த வண்டி எவ்வளவு வேகம் போகலாம் என்று அது சொல்கிறது. சரக்கு வண்டிக்கு விரைவுச் சாலையிலும் நான்குவழிச் சாலையிலும் 80, ஊருக்குள்ளும் மற்ற சாலைகளிலும் 60. ஆக, சாதாரண இருவழிச் சாலையில் 80-இல் போகும் லாரி சட்டத்தை மீறுகிறது, ஆனால் அதற்குள் இருக்கும் கருவி அதைத் தடுக்காது. சேலம் பைபாஸுக்கும் கோத்தகிரி சாலைக்கும் உள்ள வித்தியாசம் கருவிக்குத் தெரியாது. ஒரே ஓர் எண்ணைத்தான் அதனால் நினைவில் வைத்திருக்க முடியும்.

கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. கியர்பாக்ஸிலிருந்து வண்டியின் வேகம் ஒரு சென்சாருக்குத் தெரிகிறது. வேகம் 80-ஐ நெருங்கும்போது, ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சினுக்குப் போகும் டீசலைக் கருவி குறைக்கிறது. பி.எஸ். 6 என்ற புகை வரம்புக்கு ஏற்பத் தயாராகும் இப்போதைய வண்டிகளில் இதற்குத் தனிப் பெட்டிகூட வேண்டியதில்லை. எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரிலேயே எண்ணைப் பதித்துவிடலாம். பழைய வண்டிகளில் டீசல் குழாயில் ஒரு வால்வைப் பொருத்துவார்கள். வால்வில் அழுக்குச் சேர்ந்தால் ஏற்றத்தில் இழுவை குறைகிறது என்று ஓட்டுநர்கள் புலம்புவது அந்த வகைக் கருவியைப் பற்றித்தான்.

ஒன்றை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் இதில்தான் நிற்கிறது. இந்தக் கருவி எஞ்சின் வண்டியைத் தள்ளுவதை நிறுத்தும். வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பிரேக்குக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சமவெளியில் தள்ளுவதை நிறுத்தினாலே போதும். காற்றும் சாலையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அங்கே இந்தச் சட்டத்தால் கிடைக்கும் நன்மை உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 60-இல் போகும் லாரியைவிட 80-இல் போகும் லாரி மோதினால் அடி ஏறத்தாழ 1.8 மடங்கு. 100-இல் போனால் 2.8 மடங்கு. லாரியோடு மோதும் விபத்தில் லாரிக்குள் இருப்பவரைவிட பைக்கிலும் சைக்கிளிலும் வருபவரும், சாலையைக் கடப்பவரும்தான் அதிகம் அடிபடுகிறார்கள். எனவே முதல் பயனாளி, அவிநாசி சாலையோ சேலம் சாலையோ ஓரத்தில் வாழ்கிற, அந்த லாரிக்குள் ஏறவே ஏறாத மனிதர்.

இரண்டாவது பயனாளி பெரிய லாரி நிறுவனம். வேகம் கூடும்போது காற்றை எதிர்த்துப் போகவே டீசலில் பெரும்பங்கு செலவாகிறது. வேகம் குறைந்தால் டீசல் மிச்சம், டயர் மிச்சம், விபத்து குறைவு. நூறு லாரி வைத்திருப்பவருக்கு இது ஆண்டுக் கணக்கில் பெரிய தொகை. தன் ஓட்டுநர்களை மட்டும் 80-இல் ஓடச் சொன்னால் போட்டி நிறுவனத்தின் லாரி முந்திப் போய் சரக்கை இறக்கிவிடும். சட்டமே எல்லோரையும் 80-இல் நிறுத்திவிட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். லாரிகளுக்கு வேகப் பூட்டுப் போடுங்கள் என்று 2006-இல் அரசிடம் மனுக் கொடுத்தது, பெரிய நிறுவனங்கள் உறுப்பினராக இருக்கும் அமெரிக்க டிரக்கிங் சங்கம். மணிக்கு 68 மைல், அதாவது கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர் என்று அவர்கள் கேட்டார்கள். கடுமையாக எதிர்த்தவர்கள் ஒரு லாரியை வைத்துத் தாங்களே ஓட்டும் சிறு உரிமையாளர்களின் சங்கத்தினர். 2016-இல் அரசு ஒரு வரைவு வெளியிட்டது. பல ஆண்டுகள் இழுத்து, 2025-இல் அதைக் கைவிட்டது. பாதுகாப்பு என்ற வார்த்தையை இரண்டு தரப்புமே சொன்னார்கள். பெரியவர்கள், மெதுவாகப் போனால் விபத்து குறையும் என்றார்கள். சிறியவர்கள், கார்கள் வேகமாகப் போகும் சாலையில் லாரி மட்டும் ஊர்ந்தால் பின்னால் வந்து மோதுவார்கள் என்றார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஏட்டில் எழுதாத கணக்கு ஒன்றும் உண்டு: பெரிய நிறுவனத்துக்கு அலுவலகம், ஒப்பந்தம், மாற்று ஓட்டுநர் எல்லாம் இருக்கிறது. சிறியவருக்கு இருக்கும் ஒரே பலம் அவருடைய நேரம்.

ஐரோப்பாவில் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 90 என்று 1992-இலேயே உத்தரவு போட்டார்கள், பிறகு 3.5 டன்னுக்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் 2009 முதல் 105. எல்லா லாரியும் ஒரே எண்ணில் பூட்டப்பட்டதால் வந்த ஒரு புதுத் தொல்லைக்கு ஜெர்மன்காரர்கள் 'யானைப் பந்தயம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 80-இல் போகும் லாரி, 78-இல் போகும் லாரியை முந்தப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 75 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். வேக வித்தியாசம் விநாடிக்கு அரை மீட்டர் சொச்சம். முந்தி முடிக்க இரண்டேகால் நிமிடமும் மூன்று கிலோமீட்டரும் ஆகும். நான்குவழிச் சாலையில் இது எரிச்சலோடு முடிந்துவிடும். மேட்டுப்பாளையம் சாலை மாதிரி எதிரே வண்டி வரும் இடத்தில் யாரும் இதை முயலக் கூடாது.

மூன்றாவது பயனாளி கருவியைத் தயாரிப்பவரும் விற்பவரும். கட்டாயம் என்று ஒரு பொருளைச் சட்டம் சொல்லிவிட்டால் அதற்கு ஒரு சந்தை தானாக உருவாகிவிடும். அது தவறில்லை, ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் அப்படித்தான் வந்தன. ஆனால் யாரிடம் வாங்க வேண்டும் என்பதையும் அரசே சொல்லும்போது பிரச்சினை வருகிறது. 2020 இறுதியில் தமிழ்நாட்டு லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்த அறிவிப்பு வரை போனதற்கு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஜி.பி.எஸ்., ஒளிரும் பட்டை ஆகியவற்றைக் குறிப்பிட்ட நிறுவனங்களிடமே வாங்கச் சொல்கிறார்கள் என்ற ஆத்திரமும் ஒரு காரணம். ஒன்றிரண்டு லாரி வைத்துப் பிழைப்பவர்களுக்கு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கும் ஒவ்வொரு முறையும் இது ஒரு செலவு. அதனால்தான் எஃப்.சி. காட்டும் அன்று மட்டும் கருவி வேலை செய்யும், மறுநாள் வயரைக் கழற்றிவிடுவார்கள் என்ற நிலைமை வந்தது. லாரித் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. தனக்குப் பயனில்லை என்று ஒருவர் நம்பும் பொருளை சீல் வைத்துக் காப்பாற்ற முடியாது.

சரி, ஓட்டுநருக்கு என்ன? அவர் கதை இரண்டு பக்கமும் இருக்கிறது. "வண்டி இதுக்கு மேல போகாதுங்க" என்று சரக்குக்காரரிடம் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைத்தது. அது சின்ன விஷயம் இல்லை. மறுபக்கம், நம் ஊரில் லாரி ஓட்டுநருக்குப் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்றுதான் கூலி. நேரத்துக்குக் கூலி இல்லை. நான்குவழிச் சாலையில் 300 கிலோமீட்டரை 90-இல் ஓட்டினால் 3 மணி 20 நிமிடம், 80-இல் ஓட்டினால் 3 மணி 45 நிமிடம். அந்த 25 நிமிடத்துக்கு யாரும் அவருக்குக் காசு தருவதில்லை. ஊட்டிக் காய்கறி நள்ளிரவுக்குள் கோயம்பேட்டில் இறங்க வேண்டும் என்றால், அந்த 25 நிமிடத்தை அவர் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். சாப்பாட்டில் எடுப்பார், தூக்கத்தில் எடுப்பார். அல்லது கருவி கண்டுகொள்ளாத இடத்தில் எடுப்பார். கருவி கண்டுகொள்ளாத இடம் மலைச்சரிவு.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு என்றது. லாரி ஓட்டும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அப்படி ஓடிய நாள் எது என்று.

இனி மலைக்கு வருகிறேன்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் அளவில் இருக்கிறது. குன்னூர் 1,700-க்கும் மேல். நடுவே 33 கிலோமீட்டர் சாலை, 14 கொண்டை ஊசி வளைவுகள். 16 டன் எடையுள்ள லாரி இந்த உயரத்திலிருந்து, ஏறத்தாழ 1,400 மீட்டர், கீழே இறங்கும்போது அதன் எடை விடுவிக்கும் ஆற்றல் சுமார் 22 கோடி ஜூல். இந்த எண்ணைக் கற்பனை செய்வது கடினம், வேறு மாதிரி சொல்கிறேன். அதே லாரியை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 40 லட்சம் ஜூல். ஆக, மேட்டுப்பாளையம் இறங்குவது என்பது 80-இலிருந்து 55 தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். அந்த வெப்பத்தை ஒரு தொட்டியில் பிடிக்க முடிந்தால் 650 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்.

இது எதுவும் லாரியின் வேகத்தால் வருவதில்லை, எடையாலும் உயரத்தாலும் வருவது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் மொத்தம் இதே தான். ஆனால் எவ்வளவு நேரத்துக்குள் அது வெளியேற வேண்டும் என்பதை வேகம் முடிவு செய்கிறது. நூற்றுக்கு ஐந்து என்ற சரிவில் 16 டன் லாரி 20-இல் இறங்கினால் நிமிடத்துக்கு நிமிடம் சுமார் 58 குதிரைத்திறன் அளவுக்கு ஆற்றலை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். 40-இல் இறங்கினால் அது 117. சாலையின் உராய்வும் காற்றும் இதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 20-இல் இருக்கும்போது, இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினே பெரும்பங்கைப் பிடித்துவிடும். 40-இல் எஞ்சினால் முடியாது. மீதி முழுவதும், சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளையான பிரேக் டிரம் தலையில் விழும்.

டிரம் சூடானால் இரண்டு காரியம் நடக்கும். டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனிங் பிடிமானத்தை இழக்கும். அப்புறம், இரும்பு டிரம் சூட்டில் விரிந்து, லைனிங்கைத் தாங்கி உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவிடமிருந்து விலகும். ஓட்டுநர் பெடலை முழுக்க அழுத்துவார், ஷூ போய்த் தொடுவதற்குள் தூரம் முடிந்துவிடும். ஏர் பிரேக் வண்டியில் அடிக்கடி பெடலைத் தட்டிக்கொண்டே வந்தால் டேங்கில் இருக்கும் காற்றும் குறையும். 'பிரேக் ஃபெயிலியர்' என்று மறுநாள் செய்தியில் வருவது பெரும்பாலும் இதுதான். ஏதோ ஒரு பாகம் திடீரென்று உடைந்துவிட்டது போல அந்த வார்த்தை ஒலிக்கிறது. உண்மையில் அந்த பிரேக் பத்துக் கிலோமீட்டர் மேலேயிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்திருக்கும்.

2018 ஜூலையில் லாரிகளின் அனுமதிக்கப்பட்ட அச்சுப் பாரத்தை மத்திய அரசு உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்குப் போனது. சமவெளி வியாபாரத்துக்கு அது நல்ல செய்தி. மலைச்சரிவில் அதன் பொருள், டிரம்முக்கு 14 சதவீதம் கூடுதல் வெப்பம். வேகத்துக்குப் பூட்டுப் போட்ட மூன்றே ஆண்டில் எடையின் பூட்டைத் தளர்த்தினார்கள். இரண்டையும் ஒரே அமைச்சகம்தான் செய்தது.

என் பெரியப்பா முப்பது வருடம் இந்தப் பாதையில் லாரி ஓட்டியவர். "ஏறின கியர்லயே இறங்கணும்" என்பார். பழைய வண்டிகளுக்கு அது பொன் போன்ற விதி. இப்போது அதுவும் பழசாகிவிட்டது. இன்றைய எஞ்சின்கள் சக்தி வாய்ந்தவை, மூன்றாவது கியரிலேயே ஏறிவிடுகின்றன. அதே மூன்றில் இறங்கினால் எஞ்சின் பிடிக்காது. ஏறின கியருக்கு ஒன்று கீழே என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

டீசலை மிச்சம் பிடிக்கச் சரிவில் நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தப் பழக்கத்துக்கு இன்று ஒரு பைசா நியாயமும் இல்லை. கம்ப்யூட்டர் இயக்கும் எஞ்சினில், கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இறங்கினால் டீசல் முழுதாக நின்றுவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். நியூட்ரலில் இறங்குபவர் டீசலையும் இழக்கிறார், பிடிமானத்தையும் இழக்கிறார். இதை ஒவ்வொரு லோடு ஏற்றும் இடத்திலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. கேத்தி, எல்லநள்ளி, கோத்தகிரி எங்கும் எழுதி வைக்கலாம். செலவு ஒரு டப்பா பெயின்ட்.

பெரிய வண்டியின் பிரேக்கை எப்படிச் சோதிப்பது என்பதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் 13-ஆம் எண் விதி உலகின் பல நாடுகளில் அடிப்படையாக இருக்கிறது. அதில் நீண்ட இறக்கத்துக்கென்று ஒரு சோதனை உண்டு: முழுப் பாரத்தோடு, நூற்றுக்கு 6 சரிவில், 30 கிலோமீட்டர் வேகத்தில் 6 கிலோமீட்டர் தூரம் இறங்குவதற்குச் சமமான வெப்பத்தை வண்டி தாங்க வேண்டும். கணக்குப் போட்டால் அது 360 மீட்டர் உயரம். குன்னூர் இறக்கம் அதைப் போல நான்கு மடங்கு. தொலைதூரப் பயணிகள் பேருந்துகளுக்கு இன்னும் கடுமையான ஒன்றும் உண்டு. நூற்றுக்கு 7 சரிவில் 6 கிலோமீட்டரை, சக்கர பிரேக்கைத் தொடாமலேயே, எஞ்சினும் ரிட்டார்டரும் மட்டும் பிடித்து இறங்க வேண்டும். ரிட்டார்டர் என்பது கியர்பாக்ஸோடு சேர்ந்து, எண்ணெயின் எதிர்ப்பாலோ காந்தத்தாலோ வண்டியைப் பிடித்து வைக்கும் அமைப்பு. தேய்வதற்கு அதில் லைனிங் கிடையாது. எளிய வடிவம் எக்ஸாஸ்ட் பிரேக். புகை வெளியேறும் குழாயை ஒரு தட்டு அடைத்துக்கொள்ள, எஞ்சின் திணறி வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

மலைக்கு வேண்டிய 'கவர்னர்' இதுதான். 80-ஐ ஒருபோதும் தொடாத சாலையில் 80-ஐத் தடுக்கும் பெட்டியால் எங்களுக்குப் பயன் இல்லை. இறக்கத்தில் வண்டியை 20-இல் பிடித்து வைக்கும் அமைப்பால் பயன் உண்டு. மலைப் பெர்மிட்டில் ஓடும் கனரக வண்டிக்கும், சுற்றுலாப் பேருந்துக்கும் நல்ல எக்ஸாஸ்ட் பிரேக்கோ ரிட்டார்டரோ கட்டாயம் என்று ஒரு விதி வந்தால், அதன் முதல் பயனாளி ஓட்டுநர். அடுத்தது அதே சரிவில் அவருக்கு முன்னால் போகிற நாங்கள். லைனிங்கும் டிரம்மும் நீண்ட நாள் உழைப்பதால் உரிமையாளருக்கும் மிச்சம். இந்தக் கருவியின் வயரை எந்த ஓட்டுநரும் கழற்ற மாட்டார். அது அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை முதல் வளைவிலேயே அவர் உணர்ந்துவிடுவார்.

2023 செப்டம்பர் 30 அன்று தென்காசிப் பக்கத்திலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த பேருந்து இதே குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்தது. 8 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வளைவுகளில் எந்தப் பேருந்தும் 80-இல் போக முடியாது. மலையில் சாவு வேறு வேகத்தில் வருகிறது.

இந்த மலையில் வேகத்தை இடத்துக்குத் தக்கபடி கட்டுப்படுத்துவது புதிய யோசனையும் இல்லை. எங்கள் மலை ரயிலைப் பாருங்கள். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த அந்த ரயில், பல்சக்கரம் பிடித்து ஏறும் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. சமமான பகுதியில் 30 வரை போகலாம். பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் நின்றுகொண்டு கொடி காட்டி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பிரேக் போடுவார்கள். எங்கே சரிவோ அங்கே கட்டுப்பாடு, எங்கே எடையோ அங்கே பிரேக். அதைக் கட்டியவர்கள் கேட்ட கேள்வி, எவ்வளவு வேகம் போகலாம் என்பதைவிட, நிறுத்த முடியுமா என்பதுதான்.

சாலையில் நிர்வாகம் இதுவரை கையில் எடுத்த ஆயுதம் பாதையையும் நேரத்தையும் அடைப்பது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த கார் விழுந்து, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி முறை, பகலில் கனரக வண்டிக்குத் தடை. இவை எல்லாம் பலன் தருபவைதான். ஆனால் பகல் தடையால் லாரி ஓட்டுநர் இரவில், பனிமூட்டத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. உரிமத்தில் மலைப்பாதைக்கென்று தனி ஒப்புதல் பெறும் முறை இருக்கிறது. அதை ஒரு முத்திரையாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், பாரம் ஏற்றிய வண்டியை மேலேயிருந்து கீழே ஒருமுறை இறக்கிக் காட்டச் சொல்லி அப்புறம் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பிரேக்கை ஆறவைக்க இடமும் வேண்டும். நான் பார்த்தவரை கனரக வண்டிகள் ஒதுங்குவது குன்னூர் இறக்கத்தில் நடுவழியில் இருக்கும் பர்லியாரில்தான். மங்குஸ்தானும் துரியனும் விற்கும் கடைகளுக்கு நடுவே, சுற்றுலா வண்டிகளின் நெரிசலில், புகையும் டிரம்மோடு ஒரு லாரி இடம் தேடி நிற்கும். சிலர் அவசரத்தில் டிரம் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். சிவக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் விழுந்தால் விரிசல் விடும், அடுத்த இறக்கத்தில் அது உடையும். இறக்கம் தொடங்கும் முன் குன்னூர் அருகே ஒரு இடம், பாதி வழியில் ஒரு இடம் என்று லாரிக்கென்றே ஒதுக்கி, பத்து நிமிடம் நின்றுதான் போக வேண்டும் என்று வைத்தால் எந்தக் கருவியும் இல்லாமலே பலன் கிடைக்கும்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை யார் தருவது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு, வேகமாக ஓட்டுபவரை மட்டுமல்ல, தன் கீழ் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைப்பவரையும் குற்றவாளி என்கிறது. கனரக வண்டிக்கு அபராதம் 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் உத்தரவு போட்டு, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போகவே முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே குற்றத்துக்கு முதல்நிலைச் சான்று. எவ்வளவு தீர்க்கமான வரி! வேகம் எங்கே பிறக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர் சரியாகப் பார்த்திருக்கிறார். மண்டியில் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். லாரிக்குள் இருக்கும் பெட்டிக்கு சீல் வைக்க ஆண்டுதோறும் ஆள் இருக்கிறது. சரக்கு ஏற்றும்போது எழுதும் சீட்டில் 'இத்தனை மணிக்குள்' என்று போடுவதைப் பார்க்க ஆள் இல்லை. மலையிலிருந்து கிளம்பும் காய்கறிக்கும் தேயிலைக்கும் எழுதும் சீட்டில், இறக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம், நடுவே ஓய்வு என்று சேர்த்தே நேரம் குறித்தால், சரக்குக்காரருக்குப் போவது கொஞ்சம் நேரம் மட்டும்தான்.

அன்று எனக்கு முன்னால் போன அந்தக் கேரட் லாரியும் பர்லியாரில்தான் ஒதுங்கியது. நானும் டீக்கு நிறுத்தினேன். ஓட்டுநருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். இறங்கியதும் பின்சக்கரத்துக்குக் கிளீனர் கட்டை வைத்தார். ஓட்டுநர் டிரம்முக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய், தொடாமலே சூடு பார்த்தார். பெரியப்பாவும் இப்படித்தான் பார்ப்பார்.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"பரவால்லண்ணே. பத்து நிமிஷம் நிக்கணும்."

அவர் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தார், திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் அது இன்னும் இரண்டு தடவை அடித்தது.